சரிசம அக்கா

அவரை முதன்முதலில் பார்த்தது ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில். வந்தவர் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார். மேசையில் கிடந்த ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை எடுத்து, பேசிக்கொண்டே என் மீது எறிந்தார். அது என் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டு போயிற்று. நான் குனிந்து அதைத் துழாவிக்கொண்டிருந்தபோது இன்னொன்றை என் மனைவி பக்கம் எறிந்திருக்கிறார். அவள் அடுப்பருகே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பாதி திரும்பி, இடது கையால் பிடித்து, மேசையில் வைத்துவிட்டு வடிப்பதைத் தொடர்ந்தாள். கல்லூரியில் த்ரோபால் ஆடியவள்.

"தம்பிக்கு ரெண்டு. தங்கச்சிக்கு ஆறு," என்றார் அக்கா.

என்ன ரெண்டு, என்ன ஆறு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு நான் அதை மறக்கவே இல்லை. மறக்க என் மனைவி விட்டால்தானே?

அக்கா ஈப்போக்காரர். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி, எப்போதும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. கோயில் பூஜைக்குப் புடவை கட்டி வந்தாலும் வாசலில் அந்த ஷூவைத்தான் கழற்றுவார். மலேசியாவில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சாஃப்ட்பால் ஆடுவார்களாம். அக்கா மாநில அணி வரைக்கும் போனவர் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் கிரிக்கெட் ஆசை. திருச்சிக்காரன் எனக்கும்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பூங்காவில் கிரிக்கெட் மைதானம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூலையில் ஒரு சாஃப்ட்பால் மைதானம் மட்டும் ஞாயிறு மத்தியானங்களில் சும்மா கிடந்தது. அக்கா கவுன்சிலுக்குப் போய் அதைக் கேட்டு வாங்கிவிட்டார். பேஸ்பாலுக்குத் தங்கச்சி மாதிரியான ஆட்டம் இது. பந்து கொஞ்சம் பெரிசு, இடுப்புக்குக் கீழிருந்து வீச வேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டுமென்பதால் ஆண், பெண் எல்லோரும் ஆடலாம் என்று அக்கா முடிவு செய்தார். யாழ்ப்பாணத்தார், மலேசியாக்காரர்கள், நாங்கள் என்று எல்லோரும் வந்து குவிந்தோம்.

முதல் சில வாரம் பார்க்கச் சகிக்காது. சாஃப்ட்பாலில் பந்தை அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். பிறந்ததிலிருந்து கிரிக்கெட் பார்த்த கைக்கு மட்டையை விட மனசு வருமா? தூக்கிக்கொண்டே ஓடினோம். சென்னைக்காரர் ஒருவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்குப் பாய்ந்து விழுந்து, மட்டை நுனியால் அதைத் தொட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்கினார். நான் அழகான லெக் கிளான்ஸ் ஒன்று அடித்தேன். பின்பக்கம் போகும் பந்துக்கு இந்த ஆட்டத்தில் மதிப்பே கிடையாது என்று ஓடி முடித்த பிறகுதான் சொன்னார்கள். "மட்டய போடுங்க! கீழ போடுங்கலா!" என்று மலேசியா 'லா'வோடு அக்கா கத்துவது மங்கரே விமான நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த ரெண்டும் ஆறும் இதற்காகத்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை மனசுக்குள் புள்ளி போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை அந்தக் கணக்குப்படி இரண்டு பக்கமும் சமமாகப் பிரிப்பார். நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? குறைந்த புள்ளி வாங்கினால் கெட்டிக்கார ஆட்களோடு சேர்ந்து ஜெயிக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா பார்க்கும்போது கேட்ச்சை நழுவவிடுவது, நொண்டுவது, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு முனகுவது என்று ஒரே நடிப்பு. அதனால் ஆள் சேர்க்க வந்த நாளில் செய்தது போலவே, அப்புறமும் எதிர்பாராத நேரத்தில் வீடுகளுக்கு வந்து கையில் கிடைத்ததை எறிந்து பார்த்தார். எங்கள் வீட்டில் ஆரஞ்சு. இன்னொரு வீட்டில் பச்சை முட்டை. பத்து நாளாக முதுகுவலி என்று படுத்திருந்த அந்த வீட்டுக்காரர் அதை எகிறிப் பிடித்து மாட்டிக்கொண்டார்.

ஒரு பக்கம் சாய்ந்த ஆட்டம் அக்காவுக்கு ஆகவே ஆகாது. டிவியில் ஒரு அணி மட்டும் அடித்து நொறுக்கினால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார். பூங்காவில் பத்து ரன் வித்தியாசம் வந்ததும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவார். "நீங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்" என்று ஆட்களை மாற்றிவிட்டு மேலே ஆடச் சொல்வார். நடுவராக நிற்பவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "ஜெயிக்கிறது யாருன்னு முன்னாலயே தெரிஞ்சா அப்புறம் எதுக்குலா இங்க வந்து வெயில்ல காயணும்?" என்பார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை சரிசம அக்கா என்றோம். அவருக்கும் தெரியும்.

கேரம் ஆடினாலும் அதே கதைதான். அவர் வீட்டுக்காரர் மனுகாவில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர், அதிகம் பேசாதவர், கேரமில் சூரன். அவரை எப்போதும் எதிர்ப்பக்கத்தில் என்னைப் போன்ற சொத்தையோடு உட்கார வைப்பார் அக்கா. "கல்யாணத்தன்னிக்கு ஒரு நாள்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்தோம்," என்பார் மனிதர். அக்கா காதில் வாங்காத மாதிரி பவுடர் தூவுவார்.

எல்லாமே சிரிக்கிற மாதிரி இருந்ததில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம். வேகமாக ஓடுகிற ஒரு பெண்குழந்தையை மட்டும் அக்கா பத்தடி பின்னால் நிறுத்தினார். அதுதான் பிறந்தநாள் குழந்தை. அது தோற்றுப்போய், கேக் வெட்டமாட்டேன் என்று அழுதது. குழந்தையின் அம்மா அப்புறம் ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. எனக்கும் அன்றைக்கு அக்கா மேல் கோபம்தான். ஆறு வயசுக் குழந்தை ஒரு பந்தயத்தில் ஜெயித்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா?

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் காரில்தான் வந்தேன். அவர் அதைக் 'காடி' என்பார். நான் உர்ரென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னார். பதினாறு வயதில் இவர்கள் பள்ளிக்கூட அணி ஒரு ரப்பர்த் தோட்டப்புறத்துத் தொழிலாளர் பிள்ளைகளின் அணியோடு மோதியிருக்கிறது. இவர்களுக்குக் கோச் உண்டு, கையுறை உண்டு, யூனிஃபார்ம் உண்டு. அவர்களுக்கு எதுவும் இல்லை. ஒன்பது பேருக்குமாக நாலு கையுறை, அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். இவர்கள் முப்பதுக்கும் மேலே ரன் எடுத்தார்கள். அவர்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை.

"தோத்துட்டு அழுதிருந்தாங்கன்னா எனக்கு ஒன்னும் இருந்திருக்காது தம்பி. வரிசயா நின்னு எங்களுக்குக் கை தட்னாங்க."

எனக்குக் கோபம் போய்விட்டது.

இரண்டு வருஷத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பெரிதாகி, நாலு அணி, ஒரு கோப்பை, வருஷக் கடைசியில் விருந்து என்று ஆகிவிட்டது. கோப்பை வந்ததும் அக்கா பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நின்றுபோய், ஒவ்வொரு அணியும் தன் ஆட்களைத் தானே வைத்துக்கொண்டது. அதில் ஒரு அணி கடைக்காரருடையது. யாழ்ப்பாணத்தார், பழைய ஆள். பாபடோயிட்டோயில் மளிகைக்கடை, விமான நிலையத்தில் துப்புரவுக் காண்டிராக்ட், இரண்டும் அவருக்கு இருந்தன. நல்லவர்தான். கோயிலுக்கும் கொடுப்பார், அகதியாக வந்தவர்களுக்கும் கொடுப்பார். ஆனால் தோற்கப் பிடிக்காது. நன்றாக அடிக்கிற ஆள் யாராவது தென்பட்டால் கூப்பிட்டுத் துப்புரவு வேலை கொடுத்து, தங்க ஓர் அறையும் பார்த்துக் கொடுத்துத் தன் அணியில் போட்டுக்கொள்வார். நாங்கள் வார நாளில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு ஞாயிறு வந்து ஆடுகிற கூட்டம். அவர்கள் முன்னால் நிற்க முடியுமா? இருபதுக்கு ஒன்று, பதினெட்டுக்குப் பூஜ்யம் என்று போயிற்று. பெண்கள் வருவது குறைந்தது. அப்புறம் ஆண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் வேலை இருந்தது.

அந்த அணியின் பீரங்கி ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. ஒல்லி, கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுப்பு. ஊரில் 'எல்லே' என்று சாஃப்ட்பால் போலவே ஒரு விளையாட்டு உண்டாம், அதில் வளர்ந்த கை. அவர் அடித்தால் பந்து மரங்களைத் தாண்டித் தெருவில் போய் விழும். அக்கா அவருக்கு மட்டும்தான் பத்து போட்டிருந்தார். சனிக்கிழமை இரவு விமான நிலையத்தில் துடைத்து முடித்துவிட்டு, ஞாயிறு நேராக மைதானத்துக்கு வருவார். தன் முறை வரும்வரை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ தியானம் செய்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்த வருஷம்தான் அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீசன் கடைசியில் நடக்கும் பெரிய போட்டியே நடக்காமல் போயிற்று. இங்கே பத்திரிகையில் அதற்கு விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிதான் வரும். அக்கா விடுவாரா? மனுகாவ் நூலகத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்துப் படித்தார். பெரிய நகரத்து கிளப்பிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது, அது நல்ல ஆட்களையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, சின்ன ஊர் கிளப் என்ன செய்யும்? அதனால் ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும் என்றார்கள் முதலாளிகள். எங்கள் சம்பளத்துக்கு ஏன் கூரை போடுகிறீர்கள் என்றார்கள் வீரர்கள். அக்கா முழுக்க முழுக்க உச்சவரம்புக் கட்சி. "கோடீஸ்வரனுங்க கொஞ்சம் கொறச்சு வாங்குனா என்னாலா? சின்ன ஊரு பிள்ளைங்களும் ஒரு தடவ ஜெயிச்சுப் பாக்க வேணாமா?" என்று ஆபரேஷன் தியேட்டர் டாக்டர்களிடம்கூடச் சண்டை போட்டதாகக் கேள்வி.

அக்டோபரில் சீசன் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அக்கா எழுந்து தன் யோசனையைச் சொன்னார். ஆளுக்கு அவர் போட்ட புள்ளி இருக்கிறது. ஒரு அணியின் ஒன்பது பேருக்கும் சேர்த்து நாற்பத்தைந்து புள்ளிக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான்.

"அக்கா, அமெரிக்காவுல சம்பளம் தராங்க, அதுக்கு வரம்பு. நமக்கு யாரு சம்பளம் தரா?" என்று கேட்டார் மட்டையோடு பாய்ந்து விழுந்த அந்தச் சென்னைக்காரர்.

அக்கா கடைக்காரரைப் பார்த்தார். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். எங்களுக்குள் ஒரு குஷிதான், இன்றைக்கு மாட்டினார் என்று. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நியாயமான கதை. நான் அதுக்கு ஓம்," என்று சொல்லி முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அப்புறம் எல்லாக் கையும் மேலே போயிற்று. அக்கா முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், மைதானத்துச் சாமான் பையைக் கொடுப்பதற்காக அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த யாழ்ப்பாணத்து மனிதர் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்குப் போட்டிருக்கிற பத்தை ஆறாக்குவீங்களோ?"

அக்கா சிரித்துவிட்டார். "மத்தவுங்க நொண்டிக் காட்டுவாங்க. நீங்க நேரா வந்து கேக்குறீங்களே. நீங்க பத்துதான். ஒங்கள ஆறுன்னு சொன்னா அப்புறம் நான் சொல்ற எதுக்காச்சும் மதிப்பு இருக்குமா?"

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா பத்தெண்டால் நான் அணியிலை நிக்கேலாது. புள்ளிக் கணக்கு இடிக்குதாம். முதலாளி சொல்லிப்போட்டார், ஒராளை விடுறதெண்டால் உன்னைத்தான் விடுவன் எண்டு."

"வேற டீம்ல ஆடுங்களேன்? மூனு டீமும் ஒங்கள அள்ளிக்கிட்டுப் போவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அணியிலை இல்லையெண்டால் வேலையும் இல்லை அக்கா. இமிகிரேஷனிலையும் இப்பிடித்தான் ஆளுக்குப் புள்ளி போடுறவை. வேலை இருக்கிறபடியால்தான் எனக்குக் கணக்கு சரியா வருது. அது இல்லையெண்டால் இஞ்சை நிரந்தரமா இருக்க விடுற ரெசிடென்ஸ் இல்லை. மனுசியும் பிள்ளையும் ரெண்டு வருஷமாக் கொழும்பிலை ஒரு அறைக்குள்ளை நிக்கினம்."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அந்த மனிதரின் மனைவி, குழந்தை பற்றி அதுவரை எங்கள் யாருக்குமே தெரியாது. பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஆளிடம் அதற்கு மேல் நாங்கள் என்ன கேட்டோம்? எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்று மட்டும்தான்.

மறுநாள் அக்கா கடைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் எங்களுக்கு இஞ்சி போட்டு டீ வரவழைத்தார். அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார், அந்த ஆளை அணியில் வைத்துக்கொண்டு வேறு யாரையாவது நிறுத்தக் கூடாதா என்று.

"ஆரை நிப்பாட்டுறது? நல்லா அடிக்கிற மற்றவன் என்ரை அக்கான்ரை மகன். அவனை நிப்பாட்டிப்போட்டு நான் அக்காவோடை எப்பிடிக் கதைக்கிறது?"

"சரி, அவரு வேற டீம்ல ஆடட்டும். வேலய மட்டும் விட்டு வைங்க."

கடைக்காரர் டீயை உறிஞ்சினார். "பிள்ளை, நான் ஒளிக்காமல் சொல்லுறன். எனக்கு அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. அணிக்காகத்தான் கூட ரெண்டு பேரை வைச்சிருந்தனான். எனக்கும் அது பாரம்தான். எனக்கு எதிரா நிண்டு அடிக்கிறவனுக்கு நான் சம்பளம் குடுக்கிறதோ? நீங்கள் வரம்பு வைச்சது எனக்கு உதவிதான்."

முதல் ஆளாகக் கை தூக்கிய மர்மம் அப்போதுதான் விளங்கியது. அக்கா வந்த வேகம் எங்கே போயிற்றோ, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். காடியில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நான் கடைக்காரருக்குக் கூர போட்டேன்னு நெனச்சேன் தம்பி. அது அந்த மனுசன் தலமேலதான் உக்காந்திருக்கு."

வேறு வேலைக்கு நானும் முயன்றேன். எங்கள் அலுவலகத்தில் கேட்டேன், அக்கா ஆஸ்பத்திரியில் கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. விண்ணப்பமோ இந்த வேலையைக் காட்டி உள்ளே போயிருந்தது. வேலையை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் சொன்னேன், "பேசாம ஆறு போட்டுடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா," என்றார். "அவருக்கும் தெரியும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அவரு ஆறு மாரி ஆடணும். நல்லா அடிக்கிற மனுசன கெட்டதா ஆடச் சொல்றதா?"

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, தான் கொண்டுவந்த வரம்பைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஹால் கொந்தளித்தது. ஏன், எதற்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி. "நான் யோசிச்சது தப்பு" என்பதைத் தவிர அவர் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் கடைக்காரருக்குத் தலைகுனிவு, அந்தக் கோபம் யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியாதா? வரும் வழியிலேயே என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். கடைக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும், அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரம்பு இல்லையென்றால் ஆளை விடவும் சாக்கு இல்லை, அணி தோற்கவும் அவருக்குப் பிடிக்காது. மனிதரின் வேலை தங்கியது.

அக்காவின் பேர்தான் தங்கவில்லை. கடைக்காரர் வாங்கிவிட்டார் என்றார்கள். அக்கா வீட்டுக்கு அரிசி மூட்டை இனிமேல் சும்மா வரும் என்றார்கள். பிறந்தநாள் குழந்தையின் அம்மா, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். என்ன தெரியுமாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் பண்ணித் தொலைத்திருந்தேனே.

டிசம்பரில் தொடங்கிய அந்தக் கோடை முழுக்க நடந்ததைத்தான் நான் அக்கா என்றால் நினைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்தால் எழுந்து போகிறவர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் நடுவராக வந்து நின்றார். பதினாறுக்கு இரண்டு, இருபத்தொன்றுக்கு ஒன்று. விசிலை எடுக்கவில்லை, ஆட்களை மாற்றவில்லை. பந்து வீச்சுக்கு இடையில் தலைக்கு மேலே தாழ்ந்து இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே அவர் காதில் விழுகிற மாதிரி, "அக்கா, ரொம்ப சரிசமமா போகுதில்ல?" என்பார்கள். ஒரு நாள் பத்தொன்பது ரன் வித்தியாசத்தில் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது என் மனைவிக்குத் தாங்கவில்லை. "ஆட்டத்த நிறுத்துங்கக்கா, போதும்" என்று கெஞ்சினாள். அக்கா அவள் தோளைத் தட்டிவிட்டு, "ஆடி முடிங்க" என்றார். அந்த மனிதர் பந்தைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே ஓடுவார். ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டைக் கடக்கும்போது அக்கா பக்கம் பார்க்க மாட்டார். அக்கா உரக்க, சரியாக, "சேஃப்" என்பார்.

சீசன் முடிகிற நேரத்தில் அமெரிக்காவில் அந்த வேலைநிறுத்தமும் உச்சவரம்பு எதுவும் இல்லாமலே முடிந்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "போன வருசம் நான் அவுங்கள என்னென்னமோ பேசிட்டேன். கோடீஸ்வரனுங்களா இருந்தா என்ன, கூர அவுங்க தலமேலதான்." கொஞ்சம் கழித்து, "ஆனா அந்தச் சின்ன ஊருப் பிள்ளைங்களுக்கு என்னாலா செய்றது?" என்று என்னைக் கேட்டார்.

மழைக்காலத்தில் அந்த மனிதருக்கு ரெசிடென்ஸ் கிடைத்தது. செப்டம்பரில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். மூன்று பேருமாக அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் என் மனைவியும் அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். ஐந்து வயசுப் பெண்குழந்தை, அப்பாவின் கால்சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவர் மங்கரேயில் ஒரு சரக்குக் கிடங்கில் பகல் வேலைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இது சங்கத்தின்ரை. இனி நான் விளையாட வரேல்லை அக்கா."

"ஏன்? இப்ப எந்த டீம்ல வேணாலும் ஆடலாமே. நம்ம தம்பி டீமுக்கு ஒங்கள மாரி ஆளு வேணும்லா."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு இந்த விளையாட்டு விருப்பமில்லை அக்கா. எந்த விளையாட்டும் பெரிசா விருப்பமில்லை. பள்ளிக்கூடத்திலை வாத்தியார் விடேல்லை, இஞ்சை முதலாளி விடேல்லை. நல்லா அடிக்கிறனாம் எண்டு ஒருத்தரும் விடுறேல்லை."

அக்கா கையுறையை வாங்கிக்கொண்டார். உள்ளே போய் அந்தக் குழந்தைக்குக் கறிபஃப் எடுத்துவந்தார். கொண்டுவந்த தட்டோடு அதன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புது சீசனின் முதல் ஞாயிறு எங்களுக்கும் கடைக்காரர் அணிக்கும் ஆட்டம். அந்த ஒருவர் இல்லாததில் அவர்களும் நம்மைப் போல மனிதர்களாக இருந்தார்கள். மாறி மாறி ரன், கடைசி வாய்ப்பு வரைக்கும் இழுபறி. பெண்கள் விசிலடித்தார்கள், கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றார். என் மனைவி அடித்த பந்தில் ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தோம். மட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்படியொரு ஆட்டத்துக்காக அக்கா எத்தனை காலம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவர் முகத்தைத்தான் தேடினேன். அவர் பேஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பையைப் பிடித்துக்கொண்டேன். "இதுக்குத்தானக்கா ஆசப்பட்டீங்க," என்றேன்.

"நல்ல ஆட்டம் தம்பி," என்றார். கடைசி பேஸைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அவரு இப்ப என்னா செஞ்சுகிட்டு இருப்பாரு?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம். தூங்கிக்கிட்டு இருப்பாரு."

அக்கா சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

"தூங்கட்டும்லா," என்றார். "நல்லா தூங்கட்டும்."